ஆல்ப்ஸ் ஏரிப் பூதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சுவிட்சர்லாந்து, வட இத்தாலி, தெற்கு ஜெர்மனி மலை ஏரிகளில் ராட்சத மீனும் டிராகனும் இருப்பதாகச் சொல்லும் கதைகளைப் பற்றிக் கொங்குப் பகுதி வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். நீரியலும் உயிரியலும் தெரிந்த எங்கள் குழு பதில் சொல்கிறது.

ஏனுங்க, ஜெர்மனியில வால்ஷன் ஏரின்னு ஒண்ணு இருக்காம். அதுக்குள்ள மலை மாதிரி ஒரு மீன் படுத்திருக்கு, அது புரண்டா முனிச் நகரம் வரைக்கும் தண்ணி போயிரும்னு படிச்சேன். அத்தனை பெரிய மீன் உண்டுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

மலை அளவுக்கு இல்லைங்க அம்மணி. ஆனால் ஆளை விடப் பெரிய மீன் உண்டு. கதையில் வருவது வெல்ஸ் என்னும் ஐரோப்பியக் கெளுத்தி. நம் பவானியிலும் காவிரியிலும் வலையில் விழும் வாளை மீனும் இதுவும் ஒரே குடும்பம். செதில் இல்லாத வழவழப்பான தோல், அகலமான வாய், மீசை, வயிற்றுக்கு அடியில் வால் வரை ஓடும் நீண்ட துடுப்பு எல்லாம் இரண்டுக்கும் பொது. வாளை ஒன்றரை மீட்டர் இருந்தாலே ஊர் பேசும். வெல்ஸ் 2 மீட்டரைத் தாண்டும், எடை 100 கிலோவுக்கு மேல் போகும். 2023இல் இத்தாலியின் போ ஆற்றில் தூண்டிலில் பிடித்து, அளந்து, திரும்ப விட்ட மீன் 2.85 மீட்டர். இதன் முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. அதனால் இருட்டும் நேரத்தில் மேலே வந்தால் மீன் என்று சொல்ல எந்த அடையாளமும் கண்ணில் படாது, கறுத்த ஈர முதுகு மட்டும் ஒரு நொடி தெரியும்.

ஆனால் இந்த மீன் முட்டையிடத் தண்ணீர் ஏறக்குறைய 20 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும், பாசி படர்ந்த ஆழமில்லாத ஓரமும் வேண்டும். வால்ஷன் ஏரியோ 190 மீட்டர் ஆழம், குளிர்ந்த தண்ணீர், இரையும் குறைவு. வெல்ஸ் நன்றாக வளர்வது அடிவாரத்தின் மெதுவான ஆறுகளிலும் வெதுவெதுப்பான ஏரிகளிலும்தான். அங்கே பார்த்த மீனை மேலே இருக்கும் ஏரியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்பதே எங்கள் கணிப்பு.

கதையில் உள்ள பயம் மட்டும் நியாயமானது. வால்ஷன் ஏரிக்கும் கீழே உள்ள கோஹல் ஏரிக்கும் நடுவில் இருப்பது கெஸ்ஸல்பெர்க் என்ற ஒரே மலைமேடு. இரண்டு ஏரிகளின் நீர்மட்டத்துக்கும் 200 மீட்டர் வித்தியாசம். அந்த மேடு உடைந்தால் என்ன ஆகும் என்று கீழே இருப்பவர்கள் யோசிக்காமல் இருக்க முடியாது. அதே 200 மீட்டர் இறக்கத்தில்தான் 1924 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள்.

இத்தாலியின் கோமோ ஏரியில் டைனோசர் காலத்து ஊர்வன இன்னும் இருக்கிறதா?
– பிளஸ் டூ மாணவர், உடுமலைப்பேட்டை

இல்லை தம்பி. அந்த ஏரிக்கரைப் பாறையில், பெர்லெடோ என்ற ஊரில், லாரியோசாரஸ் என்ற நீர்வாழ் ஊர்வனவின் புதைபடிவம் 1830 வாக்கில் கிடைத்தது. 1847இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1946 நவம்பரில் உள்ளூர் நாளிதழ் ஒன்று ஏரியில் விசித்திரப் பிராணியைப் பார்த்ததாகச் செய்தி போட, அந்தப் புதைபடிவத்தின் பெயரே பூதத்துக்கு ஒட்டிக்கொண்டது. லாரியோசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பெரும்பாலானவை ஒரு மீட்டர் நீளம்கூட இல்லை. ஏரிப் பள்ளத்தைக் குடைந்ததோ பனியாறு. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே தண்ணீரே கிடையாது, நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி கிடந்தது. ஆல்ப்ஸின் பெரிய ஏரிகள் பெரும்பாலும் இப்படித்தான் உண்டானவை. பனி விலகிய பிறகு ஆறு வழியாக ஏறி வந்தவை மட்டுமே அங்கே குடியிருக்க முடியும்.

பனியன் ஏற்றுமதி வேலையாக சுவிட்சர்லாந்து போனபோது லூசெர்ன் ஏரியின் தெற்குக் கையில் காலை நேரத்தில் இதைப் பார்த்தேன். காற்றே இல்லை, படகும் இல்லை. கறுப்பாக ஆறேழு திமில்கள் வரிசையாக நகர்ந்து வந்தன. அது என்ன?
– வாசகர், திருப்பூர்

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கிளம்பிப் போய்விட்ட கப்பலின் அலை. இதை நம்ப மறுப்பவர்கள் அதிகம், ஆகவே கணக்கோடு சொல்கிறோம்.

ஆழமான தண்ணீரில் 5 மீட்டர் அலைநீளம் உள்ள ஓர் அலைமுகடு நொடிக்கு 2.8 மீட்டர் போகும். ஆனால் அலைக் கூட்டம் மொத்தமாக நகர்வது அதில் பாதி வேகத்தில்தான், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். கப்பல் உங்கள் கரையிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தால் அதன் அலை உங்களிடம் வந்து சேர 24 நிமிடம் ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பயணிகள் கப்பல் அதற்குள் 8 கிலோமீட்டர் கடந்து மலை மூக்குக்குப் பின்னால் மறைந்திருக்கும். நீளமான அலைகள் வேகமானவை என்பதால் முதலில் வருவது அகலமான, நுரையில்லாத, ஒரு சாண் உயரமே உள்ள மேடுகள். காற்று இருந்தால் சிற்றலையில் அவை காணாமல் போகும். காற்றில்லாத காலையில் மட்டும் கண்ணுக்குத் தெரியும். பூதம் பார்த்ததாகச் சொல்பவர்களில் பலர் "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்று சேர்த்துச் சொல்வது இதனால்தான்.

கறுப்பு நிறம் எப்படி வந்தது? தட்டையான தண்ணீரைச் சாய்வாகப் பார்த்தால் அது வானத்து வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். அலையின் நம்மைப் பார்த்த சரிவு அந்த அளவுக்குத் திருப்பி அனுப்பாது, உள்ளே இருக்கும் இருண்ட தண்ணீர் தெரியும். வெளிச்சமான பரப்பில் கறுப்புத் திமில் தோன்றும்.

லூசெர்ன் ஏரியின் தெற்குக் கையான ஊர்னர் ஏரியில் இன்னொன்றும் நடக்கும். அங்கே பல இடங்களில் கரையே கிடையாது, செங்குத்துப் பாறை நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. மணல் கரையில் அலை உடைந்து அடங்கிவிடும். பாறையில் மோதினால் திரும்பி வந்து பின்னால் வரும் அலையைச் சந்திக்கும். இரண்டும் கூடும் இடத்தில் தண்ணீர் நகராமல் ஒரே இடத்தில் எழும்பி எழும்பி அமுங்கும்.

மறுபடி பார்த்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். திமில்களுக்கு இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, ஒன்றை ஒன்று முந்தாமல் வருகிறதா, கடைசியில் கரையில் வரிசையாகச் சளக் சளக்கென்று மோதுகிறதா? மூன்றும் சரி என்றால் அலை. உயிருள்ளது நீந்தினால் அதன் பின்னால் ஆப்பு வடிவில் சொந்த அலை விரியும்.

நிலநடுக்கம் எங்கேயோ நடக்க, ஆல்ப்ஸ் ஏரி தானாகக் கொந்தளித்தது என்கிறார்களே, நடக்கிற காரியமா? பள்ளியில் செய்து காட்ட வழி உண்டா?
– அறிவியல் ஆசிரியர், பெருந்துறை

நடந்திருக்கிறது. 1755 நவம்பர் 1 அன்று போர்ச்சுகலின் லிஸ்பனை அழித்த நிலநடுக்கத்தின்போது ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரி வரை தண்ணீர் ஏறி இறங்கியது. முதல் பதிலில் சொன்ன வால்ஷன் ஏரியும் அன்று பொங்கியதாக, அது இருக்கும் பவேரியா மாநிலத்தில் சொல்வார்கள். உள்ளே மீன் புரண்டது என்ற கதைக்கு இதைவிட நல்ல உரம் வேண்டுமா?

பக்கத்திலேயே நடுங்கினால் இன்னும் மோசம். 1601 செப்டம்பரில் லூசெர்ன் ஏரிப் பகுதி குலுங்கியபோது தண்ணீருக்கு அடியில் சேறு படிந்த சரிவுகள் வழுக்கி விழுந்தன, கரைமலையிலிருந்து பாறையும் சரிந்தது. ஏரி பின்வாங்கியபோது நகருக்குள் ஓடும் ராய்ஸ் ஆற்றைக் கால் நனையாத குறையாகக் கடக்க முடிந்தது என்று நகரச் செயலாளர் ரென்வார்ட் சைசாட் எழுதி வைத்திருக்கிறார். 563இல் ஜெனீவா ஏரியின் கிழக்கே ரோன் பள்ளத்தாக்கில் மலை சரிந்து பேரலை எழுந்ததை அக்காலப் பாதிரியார்கள் பதிவு செய்தார்கள். ஏரி அடிச் சேற்றை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த கணக்கு, லோசான் நகரில் அலை 13 மீட்டரும் ஜெனீவாவில் 8 மீட்டரும் இருந்திருக்கும் என்கிறது.

நிலம் அசையாமலே ஏரி ஆடுவதும் உண்டு. காற்று ஒரு பக்கமாகத் தண்ணீரைத் தள்ளிவிட்டு நின்றுவிட்டால், அல்லது காற்றழுத்தம் சட்டென்று மாறினால், தண்ணீர் இரண்டு முனைகளுக்கும் மாறி மாறிப் போய்வரும். இதற்கு சேஷ் என்று பெயர். ஜெனீவா ஏரியில் ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 74 நிமிடம். மோர்ஷ் ஊர்க்காரரான ஃபொரெல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை அளந்து நிறுவினார். சாதாரண நாளில் சில சென்டிமீட்டர்தான் மாறும். 1841இல் ஜெனீவா முனையில் 1.8 மீட்டருக்கு மேல் மாறியிருக்கிறது.

வகுப்பில் செய்ய, 60 செ.மீ. நீளமுள்ள நீள்சதுரப் பிளாஸ்டிக் டப் போதும். சமதளத்தில் வைத்து 5 செ.மீ. தண்ணீர் விடுங்கள். நீளவாக்கில் ஒரு முனையை இரண்டு விரல் உயரம் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். தண்ணீர் ஒரு முனைக்குப் போய்த் திரும்பி வருவது ஓர் ஆட்டம். 10 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 17 வினாடி ஆகும். 10 செ.மீ. தண்ணீர் விட்டால் 12 அல்லது 13 வினாடி. ஆழம் கூடினால் ஆட்டம் வேகமாகும் என்பது கண்ணெதிரே தெரியும். ஏரிக்கான கணக்கு இதுதான்: நீளத்தை இரண்டால் பெருக்கி, 9.8ஐ ஆழத்தால் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் (நீளமும் ஆழமும் மீட்டரில், விடை வினாடியில்). 1 கிலோமீட்டர் நீளமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள நம் ஊர்க் குளத்துக்கு 6 நிமிடம் வரும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், டப்பைத் தூக்கிப் போடுவதில். அலை உடைந்து தெறித்தால் எண்ண முடியாது. வட்டமான அண்டாவில் செய்தால் தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து குழப்பும்.

அதே டப்பில் இன்னொன்றும் செய்யலாம். லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி வீதம் உப்பும் கொஞ்சம் மையும் தண்ணீரில் கரைத்து அடியில் ஊற்றி, மேலே ஒரு தட்டை மிதக்கவிட்டு அதன்மேல் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும், திரும்ப முதலிலிருந்துதான். அடுக்கு நின்ற பிறகு டப்பை மெல்லச் சாய்த்தால் மேல்பரப்பு ஏறக்குறைய சும்மா இருக்க, நடுவில் உள்ள நிற எல்லை மெதுவாகப் பெரிதாக ஆடும். கோடையில் ஆல்ப்ஸ் ஏரிகளுக்குள் இது நடக்கிறது. மேலே 20 டிகிரித் தண்ணீர், கீழே 5, 6 டிகிரி. பலத்த காற்று மேல்நீரை எதிர்க்கரைக்கு ஒதுக்கிவிட்டால் இந்தக் கரையில் அடிநீர் ஏறி நிற்கும். நேற்று வெதுவெதுப்பாக இருந்த துறையில் இன்று குதிப்பவருக்குத் திடீர்க் குளிரில் மூச்சு இழுத்துக்கொள்ளும், கைகால் மரத்துப்போகும். தண்ணீருக்குள் ஏதோ காலைப் பிடித்து இழுத்தது என்ற பேச்சுக்கு இதில் நிச்சயம் பங்கு உண்டு.

குளத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்து, மரக்கட்டை ஒன்று தானாக எழுந்து திரும்ப அமுங்கியது. மலை ஏரிகளிலும் இப்படி நடக்குமா?
– வாசகர், சிங்காநல்லூர்

நடக்கும். காற்றில்லாத அடிச்சேற்றில் இலைதழை அழுகினால் மீத்தேன் உண்டாகும். இந்த வாயுவை முதலில் பிடித்து ஆராய்ந்தவர் கோமோ ஊர்க்காரரான வோல்டா. 1776 நவம்பரில், ஆல்ப்ஸ் அடிவாரத்து மஜோரே ஏரியில், அஞ்செரா பக்கத்துச் சதுப்பில் சேற்றைக் கிளறிக் குடுவையில் சேர்த்தார்.

மழைவெள்ளம் மலைக்காட்டு மரங்களை ஏரிக்கு இழுத்து வரும். ஊறிய மரம் முழுகும். அழுகும்போது பட்டைக்கு அடியிலும் பொந்துகளிலும் வாயு சேர்ந்து ஒரு முனை மட்டும் லேசாகும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல 3 மடங்கு. அங்கே 1 லிட்டராக இருக்கும் வாயு மேலே வந்தால் 3 லிட்டர். ஆகவே மரம் ஏற ஏற இன்னும் வேகமாக ஏறி, முனை தண்ணீருக்கு மேலே துள்ளும். பட்டை பிளந்து வாயு வெளியேறியதும் முழுகிவிடும். கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது என்று பார்த்தவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. மிக ஆழமான இடத்தில் இது நடக்காது. 4, 5 டிகிரிக் குளிரில் அழுகல் மெதுவாகும், உண்டாகும் வாயுவையும் அழுத்தம் நசுக்கிவிடும். ஆழத்தில் முழுகியவர் உடலை ஏரி திருப்பித் தராது என்ற நம்பிக்கைக்கும் காரணம் இதுதான்.

இன்னொரு செய்தி: காற்றழுத்தம் இறங்கினாலும் நீர்மட்டம் குறைந்தாலும் சேற்றில் அடைபட்ட குமிழிகள் கூட்டமாக வெளியேறும். அழுத்தம் இறங்குவது புயல்மழைக்கு முன்பு. மழைக்கு முன்னால் ஏரி கொதிக்கும் என்ற பழைய பேச்சை நாங்கள் மதிக்கிறோம்.

பார்க்க விரும்பினால், ஒரு லிட்டர் பாட்டில் வாயில் புனலை டேப் போட்டு ஒட்டி, இரண்டையும் தண்ணீருக்குள் முழுக்கி நிரப்பிக் கவிழ்த்துப் பிடியுங்கள். இன்னொருவர் மூங்கில் குச்சியால் கீழே சேற்றைக் குத்தட்டும். கறுப்புச் சேறாக இருக்க வேண்டும், மணலில் ஒன்றும் வராது. மார்கழிக் குளிரில் குறைவாகவும் சித்திரை வெயிலில் நிறையவும் வரும். முதலிலேயே புனலில் காற்று தங்கிவிட்டால் கணக்கு தப்பிப்போகும். சாக்கடை சேரும் குளத்தில் கையுறை இல்லாமல் இறங்காதீர்கள், பிடித்த வாயுவைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொளுத்தாதீர்கள்.

ஏரித் தண்ணீர் ரத்தமாக மாறியது என்ற சுவிஸ் கதை?
– வாசகி, தாராபுரம்

மூர்ட்டன் ஏரி. 1476 ஜூனில் அங்கே நடந்த போரில், பர்கண்டி என்ற அண்டை நாட்டின் படை அழிந்தது. பின்னாளில் ஏரி சிவந்தபோது செத்தவர் ரத்தம் மேலே வருகிறது என்றார்கள். சிவப்புக்குக் காரணம் பிளாங்க்டோத்ரிக்ஸ் ருபெசென்ஸ் என்ற நீலப்பச்சைப் பாசி வகை. கோடையில் 10, 15 மீட்டர் ஆழத்தில் மங்கிய வெளிச்சத்தில் வளரும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து ஏரி கலங்கும்போது, உடம்புக்குள் இருக்கும் நுண்ணிய வாயுப் பைகளால் மிதந்து மேலே திரளும். இது நச்சுள்ளது, மாடு குடிக்கக் கூடாது.

பிலாத்துஸ் மலைக் குட்டையில் கல் எறிந்தால் புயல் வருமாமே?
– வாசகர், அந்தியூர்

இயேசுவுக்குத் தண்டனை விதித்த பிலாத்துவின் ஆவி அங்கே இருப்பதாக நம்பி, லூசெர்ன் நகரம் மலையேறவே தடை போட்டிருந்தது. 1387இல் மீறிய ஆறு குருமார்களைச் சிறையில் போட்டார்கள். 1585இல் பங்குத்தந்தை யோஹான் முல்லர் ஊர்மக்களோடு ஏறிப்போய்க் கல்லெறிந்து, ஆவியை வம்புக்கு இழுத்து, ஒன்றும் நடக்காததைக் காட்டினார். 1594இல் கரையை வெட்டிக் குட்டையையே வடித்துவிட்டார்கள். அந்த மலை சமவெளியின் விளிம்பில் 2,128 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கோடை மத்தியானத்தில் ஈரக்காற்று அதில் ஏறி இடிமழையாகும். விடியலில் கிளம்பினவர் குட்டையை அடைவதும் அதே மத்தியானத்தில்தான். கல் எறிந்தாலும் எறியாவிட்டாலும் மழை வரும் நேரம் அது.

பவானிசாகர் தண்ணீரில் நீளமாக, மேடுபள்ளமாக ஒன்று போனதை எங்க அப்பிச்சி பார்த்திருக்காருங்க. அமராவதியிலும் சொல்றாங்க. அது என்னன்னு கண்டுபிடிக்க என்ன செய்யணும்?
– கல்லூரி மாணவி, சத்தியமங்கலம்

அப்பிச்சி பார்த்ததை நம்புங்கள் கண்ணு, அளவை மட்டும் சரிபாருங்கள். மோயாறு, பவானி பக்கம் நீர்நாய்கள் கூட்டமாக வரிசை கட்டி நீந்தும். ஒன்று முங்க அடுத்தது எழும்ப, ஒரே நீண்ட உடம்பு வளைந்து போவதாகத் தோன்றும். பாம்புத்தாரா உடம்பை முழுக்கத் தண்ணீருக்குள் விட்டுக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டும். யானை நீந்தும்போது தும்பிக்கை நுனியும் மண்டை மேடும் மட்டும் தெரியலாம். முதலை இரண்டு அணைகளிலும் உண்டு. மூக்கு, கண் என்று இரண்டு புடைப்புகள் ஒரே மட்டத்தில், அதிக அலை இல்லாமல் நகர்ந்தால் முதலை என்று எடுத்துக்கொண்டு விலகுங்கள். பவானிசாகரில் தண்ணீர் இறங்கினால் முழுகிக் கிடக்கும் டணாய்க்கன் கோட்டைப் பக்கத்துப் பழைய கட்டடங்களும் தலைகாட்டும். அவை அசையாது, சுற்றிலும் ஓடும் அலைதான் அசைவது போலக் காட்டும்.

அளக்க, பள்ளி ஸ்கேலைக் கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். தூரத்தை முன்கூட்டியே நூல் கட்டி அளந்து வைத்துக்கொண்டால் கை மாறாது. 600 மீட்டர் தொலைவில் உள்ள பொருள் ஸ்கேலில் 1 மி.மீ. இருந்தால் அதன் நீளம் 1 மீட்டர். 300 மீட்டரில் 1 மி.மீ. என்பது அரை மீட்டர். தப்பு வருவது தூரத்தில்தான். தண்ணீர்ப் பரப்பில் கண்ணுக்குப் பிடிமானம் இல்லாததால் 200 மீட்டரை 600 என்று நினைப்பது சாதாரணம், அப்போது 2 மீட்டர் முதலை 6 மீட்டராகிவிடும். அதே திசையில் எதிர்க்கரையில் உள்ள மரம், கம்பம், பாறையைக் குறித்துக்கொண்டு, பிறகு செல்போன் வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள்; பொருள் அதைவிடக் கிட்டத்தில்தான் இருக்கும்.

செல்போனில் எடுக்கும்போது முதலிலேயே ஜூம் செய்யாதீர்கள். ஜூம் செய்தால் புள்ளிகள் ஊதி எல்லாமே பூதமாகத் தெரியும், கரையும் சட்டத்துக்கு வெளியே போய்விடும். கரை தெரிய, செல்போனைக் கல்லிலோ சுவரிலோ சாய்த்து, ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். முங்கி எழும் இடைவெளியை எண்ணுங்கள். நீர்நாய் ஒரு நிமிடத்துக்குள் பலமுறை எழும், முதலை பல நிமிடம் உள்ளேயே இருக்கும். தேதி, மணி, காற்று இருந்ததா, அதற்கு முன் அரை மணி நேரத்தில் பரிசலோ படகோ போனதா, அணை நீர்மட்டம் எத்தனை அடி என்று எழுதுங்கள். முதலை என்று உறுதியானால் பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அருகில் துணி துவைக்கும் துறை, மாடு இறங்கும் துறை எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.